மீன்பாட்டில் அண்ணாச்சியும் மஞ்சள் தண்ணீரும்

எங்கள் தெருவில் தரகர்களை நம்பினார்கள், சோதிடர்களை நம்பினார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக்கூட நம்பினார்கள். தண்ணீரை நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். குடிக்கிற தண்ணீரைக் கூண்டில் ஏற்றி, விசாரித்து, குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகே அதைத் தொண்டைக்குள் விடுவார். வடக்கே சாத்தூர் முதல் தெற்கே கயத்தாறு வரை அப்படி இன்னொருவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் குடியிருந்த யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் மீன்பாட்டில் அண்ணாச்சி. வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், அதன் கழுத்தில் சணல் கயிறு, உள்ளே ஒரு கெண்டைக் குஞ்சு. இடது கையில் இந்தப் பாட்டில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. புதுத் தண்ணீர் எதைக் கண்டாலும் அதில் கொஞ்சம் பாட்டிலுக்குள் ஊற்றுவார். பிறகு குந்த வைத்து உட்கார்ந்து மீனின் முகத்தையே பார்ப்பார். மீன் சரி என்றால் மூக்கின் முறை. செம்பை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுப்பு. தன் வீட்டுப் பானைத் தண்ணீரையே தினமும் காலையில் இப்படி முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். மற்றவர் வீட்டில் ஒரு மடக்குக்கூடக் குடித்ததில்லை. பந்தியில் விக்கல் எடுத்தால் இலையை அப்படியே விட்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து ஓடுவார். "அண்ணாச்சிக்கு விக்கல்" என்று வழிவிடுவார்கள்.

அவர் தொழில் குடை ரிப்பேர். ஐப்பசியில் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசிதான் என்கிற கரிசல் சீமையில் குடை ரிப்பேர் செய்து பிழைக்கத் துணிந்ததிலேயே அவருடைய குணம் தெரிந்துவிடும். வெயிலுக்குக் குடை பிடிக்கிறவர்களை நம்பி அந்தக் கடை நடந்தது. மழை வந்துவிட்டாலோ கடை நடக்காது. தைக்க வந்த குடைகளையெல்லாம் விரித்து, தலைகீழாக மல்லாத்தி, தெருவில் வரிசையாக வைத்துவிடுவார். ஒவ்வொரு குடையும் ஒரு குளம். நிரம்ப நிரம்ப அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோவார்.

ஒருமுறை பத்திரம் எழுதுகிற பெரியவர் ஒருவர் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு தன் குடையைத் தேடி வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, குடையைத் தைக்கக் குடுத்தா, குளம் வெட்டி வச்சிருக்கீரு?"

"தையல் ஒழுகுதான்னு பாக்க வேற என்ன வழி இருக்கு? பாரும், ஒரு சொட்டு கீழ விழல" என்றார் அண்ணாச்சி. "இன்னும் கொஞ்சம் நில்லும். ரொம்பிரட்டும்."

பெரியவர் நனைந்தே வீட்டுக்குப் போனார். குடை மழை விட்ட பிறகுதான் அவர் கைக்கு வந்தது.

வீட்டு விஷயங்களிலும் தலையிடுவார். அந்த நாளில் தெருப் பெண்கள் பலர் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டுக் கட்டாக அட்டை வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். மைதாப் பசையைக் கரப்பான் தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும். துத்தம் விஷம். கலக்கிய பசை பார்வைக்குக் கூழ் மாதிரி இருக்கும். வாசலில் நின்றபடியே அண்ணாச்சி உள்ளே பார்ப்பார்.

"ஏட்டி, பசைச் சட்டிக்கும் கஞ்சிச் சட்டிக்கும் நடுவுல ஒரு முழம் எடம் விடு. எது கூழு, எது பசைன்னு பிள்ளைக்குத் தெரியுமா?"

"கல்யாணமே ஆகாத மனுசன் ஊருப் பிள்ளைக்கெல்லாம் கவலப்படுதாரு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பசைச் சட்டி நகரும்வரை அவரும் வாசலைவிட்டு நகரமாட்டார்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்குத் தெருவில் மதிப்பு இருந்திருக்க வேண்டும். இருந்தது. அதை அவர் ஒரே நாளில் தொலைத்தார்.

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு வகை. குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணீர், குடிக்க நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு மாசியிலேயே அடி காட்டிவிடும். அப்புறம் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிப் பீப்பாயில் வருகிற தண்ணீர்தான். ஒரு பங்குனியில் வண்டி வந்து போன கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் மீன் வயிறு மேலாக மிதந்தது. நாகலாபுரம் பக்கம் வாந்திபேதி என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். "ஊத்துங்க, எல்லாத்தையும் கீழ ஊத்துங்க" என்று அவர் தெரு முழுக்க ஓடினார். பயந்துபோய் ஊற்றினார்கள். கடைசிக் குடமும் கவிழ்ந்த பிறகுதான் டீக்கடைக்காரர் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, சுடுகிறது என்று உடனே கீழே வைத்தார். அண்ணாச்சி அதைக் கடைக்கு முன்னால் தகரத்தின்மேல் உச்சி வெயிலில் வைத்துவிட்டுக் குடை தைத்திருக்கிறார்.

"மீன் விஷத்துல சாகல, அண்ணாச்சி. வெந்து செத்திருக்கு. உப்பு போட்டாச் சாப்பிடலாம்" என்றார் டீக்கடைக்காரர்.

அன்று தெருவில் உப்புத் தண்ணீரில் சோறு பொங்கினார்கள். அதிலிருந்து அண்ணாச்சி எதைச் சொன்னாலும் "மீனு வெந்துட்டா அண்ணாச்சி?" என்பதுதான் பதில். அவர் புது மீன் வாங்கினார், பாட்டிலை நிழலில் வைத்தார், ஆனால் போன மதிப்பு திரும்பவில்லை.

என் தங்கையின் கல்யாணம் இதற்கு அடுத்த வருஷம் வைகாசியில் வந்தது.

மாப்பிள்ளை கயத்தாறு. முதல் நாள் மத்தியானமே அவர்கள் வீட்டார் பஸ் அமர்த்தி வந்து இறங்குவதாக ஏற்பாடு. வந்ததும் பானகம் கொடுக்க வேண்டும், சாயங்காலம் சமைக்க வேண்டும். அந்த வெயிலில் அத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கே பிடித்து வைப்பது என்று அப்பா தலையில் கைவைத்தபோது, என் தாய்மாமா ஒரு பெரிய இரும்புப் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பழைய இரும்புக் கடையில் மலிவாகப் பிடித்தாராம். எண்ணெய்ப் பீப்பாய் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். மாமா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெளிப்பக்கம் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். கல்யாண வீட்டுப் பாத்திரம் என்பதால் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அதற்கு மஞ்சளும் குங்குமமும் தடவி, வாயருகே ஒரு மஞ்சள் கொத்தையும் கட்டினாள். வண்டித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைத்து, முந்தின நாள் சாயங்காலமே பீப்பாயை நிரப்பி மூடினார்கள்.

மறுநாள் காலையில் திறந்தபோது தண்ணீர் தெளிந்து கிடந்தது. ஆனால் எலுமிச்சம்பழத் தோல்போல லேசான மஞ்சள் நிறம். அம்மாதான் முதலில் பார்த்தாள். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கொத்திலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கு உள்ளே விழுந்திருக்கும் என்றாள். "கல்யாண வீட்டுத் தண்ணி தானா மஞ்சளாகுதுன்னா அது நல்ல சகுனம்லா" என்றும் சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் மஞ்சளாக எதைக் கண்டாலும் மஞ்சள் என்றுதான் நினைப்போம்.

உச்சி நேரத்துக்குச் சற்று முன்னால் மீன்பாட்டில் அண்ணாச்சி வந்தார். மாப்பிள்ளைக்குப் பிடிக்க வேண்டிய பட்டுக் குடைக்கு ஒரு கம்பி மாற்றக் கொடுத்திருந்தோம். வலது கக்கத்தில் அந்தக் குடை, இடது கையில் பாட்டில். நல்ல ஜலதோஷம் வேறு. மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே கொல்லைப்புறம் வந்தார். அப்போதுதான் சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை பானகத்துக்காகப் பீப்பாயிலிருந்து முதல் வாளியை மொண்டு வைத்திருந்தார். பக்கத்தில் வெல்லம் தட்டித் தயாராக இருந்தது. பீப்பாயின்மேல் ஒரு செம்பும் இருந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த தங்கை தாகம் என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்காக அதில் மொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி வாளியைப் பார்த்தார். குடையைக் கீழே வைத்தார்.

"இது என்ன நிறம்?"

"மஞ்ச விழுந்திருக்கு" என்றார் தவசுப்பிள்ளை.

அண்ணாச்சி வாளித் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு குந்த வைத்துவிட்டார். மீன் விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். தவசுப்பிள்ளை கரண்டியும் கையுமாக நின்றார். மாமாவுக்கு ஆள் போனது. மாமா வந்து பார்த்தபோது மீன் பாட்டிலுக்குள் சுகமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"உம்ம மீனே சாட்சி சொல்லிட்டு. எந்திரியும்" என்றார் மாமா.

அண்ணாச்சி எழுந்தார். செம்பை எடுத்து முகர்ந்தார். மூக்கு அடைத்திருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். தும்மல்தான் வந்தது. கொல்லையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் அசடு வழிந்து போய்விடுவார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவர் செம்பைப் பழைய இடத்தில் வைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பீப்பாயில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"மூக்கும் இன்னைக்கு வேலைக்காவல. மீனும் சரின்னுட்டு. ஆனா எனக்கு மனசு கேக்கல" என்றார். "இந்தத் தண்ணி வேண்டாம்."

 அவர் மீனின் பேச்சை மீறி நான் பார்த்ததில்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பஸ் பஜாருக்கு வந்துவிட்டது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். பஜாரிலிருந்து எங்கள் தெரு எவ்வளவு தூரம்? மேளக்காரர்கள் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளே தங்கை மறுபடியும் தண்ணீர் கேட்டாள். இந்தப் பீப்பாய்த் தண்ணீரை விட்டால் எங்கள் வீட்டில் இருந்தது உப்புத் தண்ணீர் மட்டும். சம்பந்தி வீட்டாருக்கு உப்புத் தண்ணீரில் பானகம் கரைத்துக் கொடுத்தால் அந்தக் கதை கயத்தாறில் தலைமுறைக்கும் நிற்கும். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அண்ணாச்சியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது செம்பின் வாயைவிட்டு நகரவில்லை.

மாமாவின் குரல் தாழ்ந்தது. அவர் கத்தினால் பயப்பட வேண்டாம், தாழ்ந்து பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"வே, கல்யாணப் பொண்ணுக்கு வச்ச செம்புல கை வச்சுக்கிட்டு நிக்குதீரு. தெருவையே உப்புத் தண்ணியில பொங்க வச்ச ஆளு நீரு. மருவாதியா நகந்துரும்."

"என்ன அடிச்சாலும் சரி. நகரமாட்டேன்."

இரண்டு பேர் அண்ணாச்சியின் தோளைப் பிடித்தார்கள். அப்போது அத்தை வந்தாள். மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டிய ஆரத்தித் தட்டு அவள் கையில் இருந்தது, இடுப்பில் சுண்ணாம்பு டப்பா. தன் புருஷன் வாங்கி வந்த பீப்பாயை ஊர் முன்னால் ஒருவர் குறை சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவியள விடுங்க. தண்ணிமேல கண்ணு வச்சுட்டாவ, அவ்வளவுதான்" என்றாள். "இந்தத் தண்ணியிலயே ஆரத்தி கரைச்சு அண்ணாச்சிக்குச் சுத்தி அனுப்புதேன். மஞ்சதான் தானாவே கரைஞ்சு கெடக்கே. சுண்ணாம்பு மட்டும் போட்டாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி கையை எடுத்தார். செம்புத் தண்ணீரை அத்தை தட்டில் ஊற்றினாள். டப்பாவிலிருந்து சுண்ணாம்பை விரலால் வழித்துப் போட்டுக் கலக்கினாள்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் குங்குமமாகச் சிவக்கும். ஆரத்தி எடுக்கிற வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவக்கவில்லை.

அத்தை இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாள். விரலால் வேகமாகக் கலக்கினாள். தட்டில் இருந்தது மஞ்சளாகவே இருந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. வெளியே மேளம் மட்டும் கேட்டது. அத்தை உள்ளே ஓடிப்போய் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்பொடியைக் கொண்டுவந்து, உப்புத் தண்ணீரில் கரைத்து, அதே டப்பாவிலிருந்து சுண்ணாம்பை எடுத்துப் போட்டாள். அது கணத்தில் ரத்தமாகச் சிவந்தது. சுண்ணாம்பில் குற்றமில்லை.

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள். பிறகு மாமாவை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, இது என்ன பீப்பா?"

 மாமாவே போய்ப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். நாங்களும் கை கொடுத்தோம். தண்ணீர் கொல்லை முழுக்க ஓடி, வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணுக்குள் இறங்கியது. வெறும் பீப்பாயை வெயிலுக்கு நேராகத் திருப்பியபோது, அடித்தட்டு ஒட்டுகிற விளிம்பில் சுற்றிவர ஆரஞ்சு நிறத்தில் உப்புப் பூத்து இறுகியிருந்தது. தவசுப்பிள்ளைக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெருவிலிருந்து வந்து நின்ற பெண்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி மருந்தில் சேர்க்கிற உப்பு. மருந்து அறையில் கையில் பட்டாலே புண்ணாக்கும் என்று அதைக் கண்டு பயப்படுவார்கள்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே ஓடி, தங்கை அந்தத் தண்ணீரில் ஒரு மடக்காவது குடித்தாளா என்று கேட்டுவிட்டு வந்து, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே அழுதாள். மாமா மட்டும் பீப்பாய்ப் பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப பானகத்துக்கு என்ன செய்ய?" என்றார் தவசுப்பிள்ளை. அவர் கவலை அவருக்கு.

அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்தார். "குடம் எடுத்துட்டு வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அவர் வீட்டுக்குள் அதுவரை தெருக்காரர்கள் யாரும் நுழைந்ததில்லை. சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். ஜன்னல் இல்லாத உள் அறையில் சுவரோடு சுவராகப் பானைகள், தவலைகள், ஜாடிகள். ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்புக் குடைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. போன ஐப்பசி முழுவதும் எங்கள் தெருக் குடைகளில் பிடித்த மழை அங்கே உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் அடித்துக்கொண்ட நாட்களில் அவர் இதிலிருந்து அளந்து அளந்து குடித்திருக்கிறார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சொல்லிவிட்டு உடனே கொடுத்திருந்தால் அவர் மீன்பாட்டில் அண்ணாச்சி இல்லை. அடைத்த மூக்கோடு ஒவ்வொரு பானையாகத் துணியை அவிழ்த்து, குனிந்து, கண்ணை மூடி இழுத்துப் பார்த்தார். பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. மேளம் முழங்கத் தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கும்பிடுதேன். மாப்பிள்ள எறங்கிட்டாரு" என்றார் மாமா. சற்று முன்னால் அவரை நகரச் சொல்லி மிரட்டிய அதே மாமா.

"எறங்கட்டும். தண்ணி விஷயத்துல அவசரப்படக்கூடாது" என்று அண்ணாச்சி அடுத்த பானைக்குக் குனிந்தார்.

ஆரத்தி கொஞ்சம் நீளமாக எடுக்கப்பட்டது. அத்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் சுற்றிச் சுற்றி மாப்பிள்ளைக்குத் தலையே கிறுகிறுத்திருக்கும். அதற்குள் பானகம் கரைத்தாயிற்று. அதை முதலில் வாங்கிக் குடித்த மாப்பிள்ளையின் பெரியப்பா டம்ளரை இறக்கி, நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"என்னவே, பானகத்துல குடை வாசம் அடிக்குது?"

"அது எங்க ஊரு ஏலக்கா" என்றாள் அத்தை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. பெரியப்பா இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் தாலி கட்டும்போது அண்ணாச்சி பந்தலில் ஓரமாக நின்றார். இடது கை வெறும் கையாக இருந்தது. அன்று விடியும்போது மீன் செத்துப்போயிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சாட்சி சொல்ல அது கொஞ்சம் பிந்திவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவுச் செய்தி எதற்கு என்று பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். வழக்கமான இடத்தில் எடை இல்லாததால் அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேட்டியைப் பிடித்தார், துண்டைப் பிடித்தார், பந்தல் காலைப் பிடித்தார்.

பந்தியில் மாமா அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் அவருக்கு விக்கல் எடுத்தது. தெருக்காரர்கள் பழக்கத்தில் வழிவிட எழுந்தார்கள். அதற்குள் மணக்கோலத்தோடு தங்கை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி" என்றாள். 

அவர் அவளைப் பார்த்தார். அந்த வெறும் இடது கையால் டம்ளரை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அது அவருடைய வீட்டுத் தண்ணீர்தானே, அதனால் குடித்தார் என்று தெருவில் பின்னால் பேசிக்கொண்டார்கள். மூக்கு அடைத்திருந்தது, முகர்ந்து என்ன பயன் என்றார் டீக்கடைக்காரர். தன் வீட்டுத் தண்ணீரையும் அடைத்த மூக்கோடு முந்தின நாள்தான் பானை பானையாக அவர் முகர்ந்து பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் தங்கை கொடுத்த டம்ளரை மட்டும் அவர் முகர்ந்து பார்க்கவில்லை.